ஒக்ரோஷ்கா சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒக்ரோஷ்கா கொதிக்க வைக்காத சூப். வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, இறைச்சி, பச்சையாக வெள்ளரி, முள்ளங்கி, வெங்காயத்தாள், சதகுப்பைக் கீரை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, மேலே க்வாஸ் எனும், ரொட்டியையோ மாவையோ நொதிக்க வைத்த குளிர்ந்த பானத்தை ஊற்றி, ஸ்மெத்தானா எனும் புளித்த பாலேட்டை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் வேலை முடிந்தது. ரஷ்யாவில் கோடை வந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். நான் இருக்கும் வோல்காகிராடில் ஜூலை மாத வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த நாட்களில் பல வீடுகளில் மதியச் சாப்பாடே இதுதான்.

செய்வது சுலபம் என்று சொல்வார்கள். நறுக்குவது சுலபம்தான். ஆனால் போர்ஷ் எனும் பீட்ரூட் சூப் மாதிரி அடுப்பில் இன்னும் பத்து நிமிடம் விட்டு ருசியை ஒன்றுசேர்க்கிற வசதி இதில் கிடையாது. ஒவ்வொரு பொருளும் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்டுக்கு வரும். சரியாக வராதபோது எல்லோரும் காய்கறியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். குறை பெரும்பாலும் ஊற்றுகிற நீரில் இருக்கும்; இல்லாவிட்டால் உப்பும் நீரும் சேர்ந்த நேரத்தில் இருக்கும். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டும். நான்கு பேருக்கு: நடுத்தர உருளைக்கிழங்கு 3, முட்டை 4, வெள்ளரி 300 கிராம், சிவப்பு உருண்டை முள்ளங்கி 8 முதல் 10, வெங்காயத்தாள் ஒரு கட்டு, சதகுப்பைக் கீரை அரைக் கட்டு, வேகவைத்த கொழுப்பில்லாத மாட்டிறைச்சியோ கோழியோ 300 கிராம், க்வாஸ் 1 முதல் 1.5 லிட்டர், ஸ்மெத்தானா 150 கிராம், அரைத்த கடுகு 2 தேக்கரண்டி, உப்பு. துருவிய ஹ்ரேன், அதாவது மூக்கில் சுருக்கென்று ஏறும் அந்த வேர், கிடைத்தால் ஒரு தேக்கரண்டி.

இனிக்கிறது

வருகிற புகார்களில் முதலிடம் இதற்குத்தான். காரணமும் அநேகமாக எப்போதும் ஒன்றே: குடிக்கிற க்வாஸை ஊற்றியிருக்கிறீர்கள்.

கடையில் பாட்டிலில் வரும் பழுப்பு நிற ரொட்டி க்வாஸ் தாகத்துக்குக் குடிப்பதற்காகச் செய்தது. அதில் இனிப்பு தூக்கலாக இருக்கும். வெயிலில் நின்று ஒரு குவளை குடித்தால் சுகம். வெள்ளரி, முட்டை, வெங்காயத்தின் மேல் ஊற்றினால் வாய்க்கு ஒட்டாது. ஒக்ரோஷ்காவுக்கு வேண்டியது புளித்த, இனிப்பு மிகக் குறைந்த, வெளிறிய க்வாஸ். ரஷ்யக் கடைகளில் லேபிளில் ‘ஒக்ரோஷெச்னி’ என்று போட்டு இதைத் தனியாக விற்கிறார்கள். கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

லேபிளில் இன்னொன்றையும் பாருங்கள். ‘க்வாஸ்’ என்று மட்டும் இருந்தால் அது நொதிக்க வைத்தது. ‘க்வாஸ்னி நபீத்தக்’, அதாவது க்வாஸ் பானம் என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது நிறமும் இனிப்பும் வாயுவும் சேர்த்த சோடா. அதை வைத்து எந்தச் சமாளிப்பும் நடக்காது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள், தட்டு முன்னால் இருக்கிறது என்றால்: அரைத்த கடுகை ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள், எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், உப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஊறுகாய் வெள்ளரி ஜாடியில் இருக்கும் உப்புநீர் இருந்தால் அதுதான் இருப்பதிலேயே நல்ல மருந்து. புளிப்பும் உப்பும் பூண்டு, சதகுப்பை வாசமும் ஒரே நேரத்தில் வந்துவிடும். லிட்டருக்கு அரைக் குவளை போதும். இதற்குப் பிறகும் இனித்தால் க்வாஸில் பாதியை வடித்துவிட்டு, அதே அளவு புளித்த கெஃபிர், அதாவது பாலை நொதிக்க வைத்த பானம், சேருங்கள். அது வேறொரு ஒக்ரோஷ்காவாகிவிடும். ஆனாலும் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

இறைச்சியும் இனிப்புக்குக் காரணமாகலாம். பலர் போடுவது ‘தோக்தொர்ஸ்கயா’ எனும் வேகவைத்த சாசேஜ். 1936-ல் சோவியத் இறைச்சித் தொழில் அறிமுகப்படுத்தியது. மென்மையாக, லேசான இனிப்போடு இருக்கும். அதற்கு முன்பெல்லாம் ஒக்ரோஷ்காவில் விழுந்தது முந்தின நாள் வறுவலில் மீந்த பலவகை இறைச்சி: நாக்கு, கோழி, வேட்டைப் பறவை. சாசேஜ் போடுவது தப்பில்லை, இன்று பெரும்பாலான வீடுகளில் அதுதான். ஆனால் சாசேஜும் இனிப்பு க்வாஸும் ஒன்றாகச் சேரக் கூடாது. இரண்டில் ஒன்றையாவது மாற்றுங்கள்.

சப்பென்று இருக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டவில்லை

உப்பு போட்டாயிற்று, எல்லாமே புதிது, ஆனால் கரண்டியில் எடுத்தால் தனித் தண்ணீர், தனிக் காய். இங்கே விட்டுப்போனது மசியல். ரஷ்யர்கள் இதை ‘ஸப்ராவ்கா’ என்பார்கள். அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் ஒக்ரோஷ்காவின் உயிரே இதில்தான்.

செய்கிற முறையை நிதானமாகச் சொல்கிறேன். வெங்காயத்தாளில் பாதியை மெல்லிசாக நறுக்கி, அடிகனமான கிண்ணத்தில் போட்டு, அரைத் தேக்கரண்டி கல்லுப்பு தூவி, மர மத்தின் அடியாலோ உலக்கையாலோ நசுக்குங்கள். அரைக்கக் கூடாது, நசுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தாள் வாடி, கரும்பச்சையாகி, கிண்ணத்தின் அடியில் சாறு கசிந்து நிற்கும். வெங்காயத்தின் பச்சைக் காரம் அடங்கி வாசனை மட்டும் மேலே வரும். இப்போது நான்கு முட்டையின் வேகவைத்த மஞ்சள் கருவில் இரண்டைப் போட்டு அந்தச் சாற்றிலேயே கட்டியில்லாமல் மசியுங்கள். கடுகு விழுது, ஹ்ரேன், கொஞ்சம் மிளகுத்தூள். அதன்மேல் ஸ்மெத்தானா. எல்லாம் சேர்ந்து வெளிர்பச்சையில் கெட்டியான களிம்பு மாதிரி வந்ததும் க்வாஸை ஒவ்வொரு கரண்டியாக விட்டுத் தளர்த்துங்கள். இந்தத் தளர்ந்த மசியலை மீதிக் க்வாஸோடு கலந்து பிறகு காயின்மேல் ஊற்றினால், நீரே லேசாகக் கெட்டிப்பட்டு ஒவ்வொரு துண்டையும் பூசிக்கொண்டு வரும்.

கடுகைப் பற்றி ஒரு வார்த்தை. வோல்காகிராடின் தெற்குக் கோடியில் இருக்கிறது சரேப்தா. மொராவியச் சகோதரர் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் 1765-ல் அமைத்த குடியிருப்பு. பின்னாளில் கடுகு ஆலைகளால் பேர் வாங்கியது. சரேப்தா கடுகு எனப்படுவது நம் வீடுகளில் தாளிக்கும் பழுப்புக் கடுகின் அதே இனம். அதனால் ரஷ்யக் கடுகு டப்பா கிடைக்கவில்லையே என்று யாரும் கைவிட வேண்டாம். அஞ்சறைப்பெட்டிக் கடுகை வறுக்காமல் பொடித்து, சலித்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்துக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். உப்பும் ஒரு சொட்டு வினிகரும் அதற்குப் பிறகுதான். கடுகின் காரம் விதைக்குள் தயாராக இருப்பதில்லை. உடைத்து நீர் பட்ட பிறகு அதிலுள்ள நொதி வேலை செய்து உண்டாக்குவது. வறுத்தாலும் கொதிநீர் விட்டாலும் நொதி செத்துவிடும், எடுத்த எடுப்பில் புளிப்பு சேர்த்தாலும் முடங்கும். மிஞ்சுவது கசப்புதான்.

மசியல் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சப்பென்று தெரிந்தால் குளிர்ச்சியைக் கணக்கில் எடுங்கள். குளிர்ந்த உணவில் வாசனை குறைவாகத்தான் எழும், இனிப்பும் மங்கும். அறைச் சூட்டில் ருசி பார்த்து அளவு சரி என்று முடிவு செய்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது அது குறைவாகப்படும். குளிர்ந்த பிறகே கடைசி உப்பைப் போடுங்கள். ஊற்றியவுடன் பரிமாறாமல் ஒரு கால் மணி நேரம் குளிரில் விட்டாலும் ருசி கூடும்; அதற்கு மேல் விட்டால் அடுத்த சிக்கல் ஆரம்பித்துவிடும்.

தண்ணீராக ஓடுகிறது

ஊற்றும்போது சரியாக இருந்தது, சாப்பிட உட்கார்ந்தபோது நீர்த்துவிட்டது என்றால் குற்றவாளி வெள்ளரி. அதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு பட்டதும் அதைக் கக்கும். நறுக்கி உப்புப் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் குளமே கட்டிவிடும்.

அதனால் நறுக்கின காயில் உப்பே போடக் கூடாது. உப்பு மசியலில்தான், மசியல் க்வாஸில்தான், க்வாஸ் மேசைக்குப் போகும் முன்புதான். நறுக்கியதை ஒரு பாத்திரத்திலும் கலந்த க்வாஸை இன்னொரு பாத்திரத்திலும் தனித்தனியாகக் குளிர வைத்து, தட்டில் சேர்ப்பதே ரஷ்ய வீடுகளின் வழக்கம். வருகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் கெடாது.

முற்றின பெரிய வெள்ளரியாக இருந்தால் நெடுக்குவாட்டில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு நறுக்குங்கள். தக்காளி போடாதீர்கள். சிலர் போடுகிறார்கள், அதன் நீரும் இனிப்பும் க்வாஸோடு ஒத்துப்போவதில்லை.

அளவுப்படி பார்த்தால், தட்டில் கெட்டியாக ஒரு பங்கு இருந்தால் நீர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. கரண்டியை நேராக விட்டால் காய் தட்டுப்பட வேண்டும், மிதக்கக் கூடாது.

வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கிறது

முதலில் அது என்ன என்று பார்க்க வேண்டும். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று மெழுகு மாதிரி பிசுபிசுத்தால் அது இறைச்சிக் கொழுப்பு. சூடான இறைச்சியில் தெரியாத கொழுப்பு குளிரில் உறைந்து வெள்ளைத் துணுக்காக வந்துவிடும், மேலண்ணத்தில் ஒட்டும். வேகவைத்த இறைச்சியை முழுசாகவே ஃப்ரிட்ஜில் குளிரவிட்டு, உறைந்த கொழுப்பைச் சுரண்டிவிட்டு, பிறகு நறுக்கினால் இது வராது. பன்றியின் கொழுத்த பாகமும் ஆட்டிறைச்சியும் இந்த உணவுக்கு ஆகாது.

தேய்த்தால் மாவு மாதிரி கரைந்தால் அது ஸ்மெத்தானா. புளித்த க்வாஸில் ஸ்மெத்தானாவைக் கரண்டியோடு அப்படியே போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். கொழுப்பு குறைந்த 10 சதவீத வகை என்றால் திரித்திரியாகவும் பிரியும். 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதை எடுங்கள். மேலே சொன்னபடி மஞ்சள் கருவோடு முதலில் குழைத்துத் தளர்த்துங்கள். ஸ்மெத்தானாவையும் க்வாஸையும் பிரியாமல் மஞ்சள் கரு பிடித்து வைத்துக்கொள்ளும். திரிந்ததைச் சாப்பிடுவதில் தீங்கு ஒன்றுமில்லை. அழகாக வேண்டுமென்றால் நீரை மட்டும் வடித்து, இரண்டு கரண்டி புது ஸ்மெத்தானாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்துக்கொள்ளலாம்.

ஸ்மெத்தானா கிடைக்காத ஊரில் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, அதில் கொஞ்சம் பாலேடு சேர்த்து அடித்தால் பக்கத்தில் வரும்.

கசக்கிறது

மூன்று இடத்தில் தேடுங்கள். வெள்ளரியின் காம்பு முனையை அரை விரற்கடை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தோலைச் சீவி, காம்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். தண்ணீர் குறைந்து வெயிலில் வாடின கொடியில் காய்க்கும் வெள்ளரியில் இந்தக் கசப்பு ஏறும். தாச்சா எனப்படும் ஊர்ப்புறத் தோட்டவீட்டுக் காயில் வறண்ட கோடைகளில் அடிக்கடி பார்க்கலாம். காய் முழுவதும் கசந்தால் தூக்கி எறியுங்கள். ஒரு காய் மொத்தப் பாத்திரத்தையும் கெடுக்கும், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுவைத்த பிறகே கிண்ணத்தில் போடுங்கள்.

இரண்டாவது இடம் கடுகு. குழைத்தவுடன் போட்டால் கசக்கும். வழி மேலே இருக்கிறது.

மூன்றாவது க்வாஸ். வீட்டில் செய்ததென்றால் ரொட்டியைக் கருக்கியிருப்பீர்கள். அதற்கு இந்தத் தடவை வைத்தியம் இல்லை.

முள்ளங்கி கசப்பதில்லை, காரம்தான் அடிக்கும். முற்றி உள்ளே பஞ்சாகிவிட்டதென்றால் அதை விட்டுவிடுங்கள். காரம் மட்டும் அதிகம் என்றால் நறுக்கிக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வடித்துக்கொள்ளுங்கள்.

கலங்கி மாவுக் கஞ்சியாகிவிட்டது

உருளைக்கிழங்கு கரைந்திருக்கிறது. தோலோடு, உப்புப் போட்ட நீரில் வேகவைத்து, முழுசாகவே ஃப்ரிட்ஜில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த கிழங்கு இறுகிவிடும், கத்திக்கு நேராக வெட்டுப்படும். சூட்டோடு நறுக்கினால் விளிம்பெல்லாம் உதிர்ந்து நீரைக் கலக்கும். வெந்தால் வெடித்து மாவாக உதிரும் ரகத்தைவிடப் பிசுபிசுப்பாக நிற்கும் ரகம் நல்லது.

முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றி பச்சை வளையம் தெரிந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது என்று அர்த்தம். கொதிக்கும் நீரில் 9 நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில். ருசிக்குப் பெரிய கேடில்லை, வாசம்தான் கொஞ்சம் கந்தகமாக வரும்.

போதுமான குளிர்ச்சி இல்லை

ரஷ்யாவில் பொது உணவகங்களுக்கான பழைய சுகாதார விதியில் குளிர்ந்த சூப் 14 டிகிரிக்கு மேல் பரிமாறக் கூடாது என்றே இருந்தது. வீட்டில் இன்னும் குளிராக இருந்தால்தான் இதமாக இருக்கும்.

பலர் க்வாஸை மட்டும் குளிர வைத்துவிட்டு, சமையல் மேடையில் கிடந்த காயின்மேல் ஊற்றுகிறார்கள். அரைக் கிலோ காய் அந்தக் குளிரையெல்லாம் உறிஞ்சிவிடும். எல்லாமே குளிர வேண்டும், தட்டுகளும் சேர்த்து. வெறும் ஐஸ் கட்டி போடாதீர்கள். கரைந்து புளிப்பையும் உப்பையும் நீர்க்கடிக்கும். முந்தின நாளே கொஞ்சம் க்வாஸை ஐஸ் தட்டில் உறைய வைத்து, தட்டுக்கு இரண்டு கட்டி போடுங்கள். கரையக் கரைய ருசி ஏறுமே தவிர இறங்காது.

வீட்டு க்வாஸில் வரும் சிக்கல்கள்

கடையில் சரியானது கிடைக்காதபோது வீட்டில் செய்வதே வழி. ரொட்டிக் க்வாஸின் அடிப்படை இது: ரை எனும் தானிய மாவில் சுட்ட கறுப்பு ரொட்டி அரைக் கிலோவைத் துண்டுபோட்டு அடுப்பில் நன்றாகக் காய்ந்து பழுப்பாகும்வரை வாட்டுங்கள். 3 லிட்டர் கொதிநீர் ஊற்றி, நான்கைந்து மணி நேரம் ஊறவிட்டு, பிழியாமல் வடிகட்டுங்கள். 3 மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட். துணியால் மூடி ஒரு நாள். பிறகு பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு உலர் திராட்சை போட்டு, பாட்டில் இறுகும்வரை வெளியில், அப்புறம் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள்.

*நொதிக்கவே இல்லை.* ஈஸ்ட் போடும்போது நீர் சூடாக இருந்திருக்கும். கைவிரல் பொறுக்கும் வெதுவெதுப்பு, 35 டிகிரி அளவு போதும். 50-ஐத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். ரொட்டியில் பூஞ்சைத் தடுப்பான் சேர்த்திருந்தாலும் மந்தமாகும். கொஞ்சம் ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் நுரைக்க வைத்துச் சேர்த்துப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் குமிழி வராவிட்டால் புதிதாகத் தொடங்குவதே மேல்.

*நுரைக்கிறது, ஆனால் புளிக்கவில்லை.* இதுதான் நிறையப் பேருக்கு வரும் குழப்பம். ஈஸ்ட் சர்க்கரையை வாயுவாகவும் கொஞ்சம் மதுவாகவும் மாற்றும், புளிப்பைத் தருவது அதன் வேலையல்ல. புளிப்பு லாக்டிக் பாக்டீரியாவிடமிருந்து வர வேண்டும். அதனால் சர்க்கரையையும் ஈஸ்டையும் கூட்டுவது உதவாது. ஈஸ்ட் வாடையும் மதுவும்தான் ஏறும். ரஷ்யத் தரநிலைப்படி க்வாஸில் மது 1.2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் சர்க்கரையை அள்ளிப் போட்டால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும், குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இது முக்கியம். ஈஸ்டைக் குறைத்து, ரை மாவில் வளர்த்த புளிமாவு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, இன்னும் அரை நாள் கூடுதலாக வெளியில் விடுங்கள்.

ஒக்ரோஷ்காவுக்கென்றே செய்வதானால் ரொட்டியை மறந்துவிட்டு வெள்ளைக் க்வாஸ் போடுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான். 200 கிராம் ரை மாவில் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கூழாகக் கிளறி, ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரால் 2 லிட்டருக்குத் தளர்த்தி, அதே புளிமாவைக் கலந்து மூடி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் மேலே வெளிறிய, கலங்கலான, சுருக்கென்று புளித்த நீர் நிற்கும். சர்க்கரை தேவையில்லை. மெதுவாக மேல்நீரை மட்டும் சாய்த்து எடுத்துக் குளிர வையுங்கள்.

*கொத்தமல்லி விதை வாசம் தூக்கலாக அடிக்கிறது.* பொரதீன்ஸ்கி ரொட்டி எடுத்திருக்கிறீர்கள். அதில் கொத்தமல்லி விதை சேர்ப்பார்கள். குடிக்க அருமையாக இருக்கும், வெள்ளரியோடும் சதகுப்பையோடும் மோதும். சாதாரண ரை ரொட்டிக்கு மாறுங்கள்.

*வினிகர் மாதிரி வெட்டுகிறது.* அதிக நாள் காற்றுப்பட வெளியில் இருந்துவிட்டது. லேசாக இருந்தால் வாயுநீர் கலந்து தணித்துப் பயன்படுத்தலாம். மூக்கை எரித்தால் வேண்டாம்.

*கொழகொழவென்று நூல் விடுகிறது.* கொட்டிவிடுங்கள். ரொட்டியில் வரும் ஒருவகைப் பாக்டீரியாவோ, சர்க்கரையைப் பசையாக்கும் இன்னொரு வகையோ உள்ளே புகுந்துவிட்டது. பாத்திரம், துணி, பாட்டில் எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவிய பிறகே அடுத்தது. அந்த ரொட்டியின் மிச்சத்தையும் பயன்படுத்தாதீர்கள்.

*மேலே படலம்.* மெல்லிய, வெண்மையான, சுருக்கம் விழுந்த படலம் காட்டு ஈஸ்ட். வழித்து எடுத்துவிட்டு, வாசமும் ருசியும் சரியாக இருந்தால் பயன்படுத்தலாம். பச்சை, கறுப்பு நிறத்திலோ பஞ்சு மாதிரி முடி முளைத்தோ இருந்தால் அது பூஞ்சை. மேலாக வழித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

*பாட்டில் பீறிட்டது.* கண்ணாடி பாட்டிலில் அடைக்காதீர்கள். வெடித்தால் கண்ணுக்கே ஆபத்து. பிளாஸ்டிக் பாட்டிலில் நான்கு விரல் இடம் விட்டு அடைத்து, அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகினதும் அந்த நிமிடமே ஃப்ரிட்ஜுக்கு. வெயில் நாளில் இதற்குச் சில மணி நேரமே ஆகும், ராத்திரி முழுக்க வெளியில் விடக் கூடாது. திறக்கும்போது தொட்டிக்குள் வைத்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

கெஃபிரில் செய்தது கூழாகக் கனக்கிறது, அல்லது பிரிகிறது

க்வாஸா கெஃபிரா என்று ரஷ்யர்களிடம் கேட்டால் வீடு இரண்டாகும். இரண்டுமே சரியான ஒக்ரோஷ்காதான். கெஃபிரை அப்படியே ஊற்றினால் தயிர்ப் பச்சடியாக நிற்கும். பாதிக்குப் பாதி, அல்லது இரண்டுக்கு ஒன்று என்று வாயு ஏற்றிய மினரல் வாட்டரால் தளர்த்த வேண்டும். குளிர்ந்த வாயுநீரைப் பாத்திரத்தின் ஓரமாக மெதுவாக ஊற்றி, கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். மேலிருந்து கொட்டினால் நுரை பொங்கி வழியும், வாயுவும் போய்விடும். சிறிது நேரம் நின்றால் அடியில் நீர் பிரியத்தான் செய்யும். அது இயல்பு, ஒரு கலக்கு போதும்.

கெஃபிரில் புளிப்பு குறைவென்றால் எலுமிச்சை. கெஃபிருக்குப் பதில் நன்றாகப் புளித்த, வெண்ணெய் எடுத்த மோர் பொருந்தும். ஆனால் தாளிக்கவோ கறிவேப்பிலை போடவோ வேண்டாம். இந்த உணவின் வாசம் சதகுப்பைக் கீரையிலும் பச்சை வெங்காயத்தாளிலும் இருந்து வருவது. எண்ணெயில் பொரிந்த வாசம் ஏறினால் அவை இரண்டும் அமுங்கிப் போகும்.

விரதத்துக்குச் செய்தது உடம்பில்லாமல் இருக்கிறது

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் பேதுரு விரதம் ஜூலை 12-ல் முடியும், ஒக்ரோஷ்கா பருவத்தின் நடுவிலேயே வரும். அப்போது முட்டை, ஸ்மெத்தானா, இறைச்சி மூன்றும் கிடையாது. மசியலில் மஞ்சள் கருவுக்குப் பதில் வெந்த உருளைக்கிழங்கில் ஒன்றைக் கடுகோடு மசித்துக்கொண்டால் நீருக்குக் கெட்டி கிடைக்கும். வெந்த டர்னிப்பும் ஊறுகாய்க் காளானும் இறைச்சி விட்ட இடத்தை நிரப்பும். மீன் அனுமதியுள்ள நாட்களில் வெள்ளைச் சதையுள்ள ஆற்றுமீனை வேகவைத்து முள் நீக்கிப் போடுவது பழைய வழக்கம். சுதாக் என்னும் மீன் இதற்கு ரொம்பப் பொருத்தம். வீட்டில் சைவமாகச் செய்கிறவர்களுக்கும் மீனை விட்டுவிட்டால் இதே வழிதான்.

மறுநாளுக்கு வைத்தது கெட்டுவிட்டது

க்வாஸும் ஸ்மெத்தானாவும் சேர்ந்த ஒக்ரோஷ்காவை மறுநாளுக்கு வைக்கவே கூடாது. வெள்ளரி துவண்டு, முள்ளங்கியின் சிவப்பு நீரில் இறங்கி, வெங்காயம் நாற ஆரம்பிக்கும். முட்டையும் சாசேஜும் இருப்பதால் வயிற்றுக்கும் நல்லதல்ல. வெயில் நாளில் மேசைமேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சாப்பிடாதீர்கள்.

நறுக்கியதை உப்பில்லாமல், நீரில்லாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மதியம்வரை தாங்கும். கீரையையும் வெங்காயத்தாளையும் அன்றன்றைக்கு நறுக்குங்கள். மசியலும் அன்றன்றைக்கே. வெள்ளைக் க்வாஸ் மட்டும் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் இருக்கும். நாளுக்கு நாள் புளிப்பு ஏறும் என்பதால் எலுமிச்சையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாத்திரத்தின் அடியில் நிற்கும் மாவு வண்டலைக் கொட்டாமல் ஒரு குவளை எடுத்து வையுங்கள். புதுக் கூழில் அதைக் கலந்தால் அடுத்த க்வாஸ் இன்னும் சீக்கிரமாகவே புளித்துவிடும்.